எழுநூற்றுப் பதினோரு கிலோமீட்டர்

"ஏளா, இது மாவா மோரா?" என்று கேட்டு, அந்தோணியம்மா தூக்குவாளியைச் சுகிர்தாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

சுகிர்தா முகர்ந்து பார்த்தாள். புளிப்பு சுருக்கென்று ஏறியது. மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வாளியின் வெளிப்புறமெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது.

"நான்தான் ஏதோ தப்பு பண்ணியிருப்பேன் அக்கா. வெயில்ல வச்சுட்டேனோ என்னமோ."

"டப்பாக்குள்ள ஏதுடி வெயிலு? வந்த புதுசுல தெனமும் வெளக்கு வச்ச ஒடனே எங் கடைக் கடிகாரத்தத் தள்ளித் தள்ளி வச்சவதானே நீ. அது மாதிரி எதையாவது செஞ்சிருப்ப. இந்த மாவுல இட்லி சுட்டு வித்தா கப்பக்காரனுவ என்னையத் தூக்கிக் கடல்ல போட்ருவானுவ."

போர்ட் பிளேரில் ஜங்கிலிகாட் மீன் சந்தைக்குப் பின்னால் அந்தோணியம்மாவின் இரவு டிபன் கடை. அதன் மாடி அறையில்தான் சுகிர்தா குடியிருந்தாள். காலையில் அரைத்த மாவு மாலைக் கூட்டத்துக்கே தீர்ந்துவிடும். கப்பல் வரும் நாளில் இரவு எட்டு மணிக்கு இன்னொரு வாளி வேண்டும். மூன்று மணிக்கு அரைத்த மாவு எட்டு மணிக்குப் பொங்கி நிற்பது எந்த ஊரிலும் நடக்காத காரியம். அந்தோணியம்மாவின் கடையில் மட்டும் அது நடந்தது. மாடியில் குடியிருக்கும் பெண் மாலை வகுப்புக்கு விமானத்தில் அந்த வாளியையும் கொண்டுபோய் வந்ததுதான் காரணம்.

போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கேம்ப்பெல் பே என்ற ஊருக்கு நேர்கோட்டில் ஐந்நூற்று முப்பத்தோரு கிலோமீட்டர். மாலை நாலரைக்குக் கிளம்பும் விமானம் ஐந்தே முக்காலுக்குத் தரையிறங்கும். வெளியே இருப்பவர்களுக்கு அது ஒன்றேகால் மணி நேரப் பயணம். விமானத்தின் நடுவில் இருக்கும் நீள்நேரக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் எட்டு மணி நேரம். முன்பெல்லாம் பெரிய அதிகாரிகளும் முதலாளிகளும் கோப்பு பார்க்க அதில் ஏறினார்கள். அவர்களுக்கு அலுத்துப் போனதும் ஒரு பயிற்சி நிலையம் அதை மாலை வகுப்புக்கு எடுத்துக்கொண்டது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க நேரமில்லாதவர்கள் முப்பது பேர் தினமும் ஏறினார்கள். அவர்கள் அதை டப்பா என்றார்கள்.

டப்பாவுக்குள் சன்னல் கிடையாது. வாசலிலேயே கைப்பேசியையும் கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். முப்பது மேசை, முப்பது திரை, பின்பக்கம் தூங்குவதற்கு அடுக்குக் கட்டில்கள், ஒரு டீ இயந்திரம், கதவுக்கு மேலே ஒரு வட்டக் கடிகாரம், அவ்வளவுதான். பாடமெல்லாம் பதிவு செய்யப்பட்டது. எந்த ஆசிரியரும், எந்தப் பணிப்பெண்ணும் அந்த வேலைக்கு வரச் சம்மதிக்கவில்லை. உள்ளே கழியும் ஒவ்வொரு மணி நேரமும் உடம்பில் ஏறிவிடும் அல்லவா? திரும்பி வரும்போது கூடத்தை அணைத்துவிடுவார்கள். அது சாதாரணப் பயணம்.

சுகிர்தா பகலில் கப்பல் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்தாள். படித்துக்கொண்டிருந்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வுக்கு. அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு இருபத்தைந்து. பிறந்த தேதியைப் பார்க்க மாட்டார்கள். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உடல்வயதைத்தான் பார்ப்பார்கள். பிறந்த கணக்கில் அவளுக்கு இருபத்துநாலுதான். இரண்டு வருட டப்பா வாழ்க்கையைச் சேர்த்தால், இரண்டு மாதம் கழித்து வரும் தேர்வு நாளில் வரம்புக்கு மூன்றே வாரம் பாக்கி இருக்கும். இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

முன்பு இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. விடை தெரியாமல் இல்லை. மணி அடித்தபோது பாதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். சொந்த ஊரான கச்சால் தீவின் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு ஆமை என்று பெயர். வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டு போன நாள்கள் மிகக் குறைவு. அதனால் எதையும் ஒழுங்காக, வரிசையாக, இரண்டு தடவை சரிபார்த்துச் செய்யப் பழகிக்கொண்டாள். அப்படிச் செய்ததில் இன்னும் மெதுவாகிவிட்டோமோ என்ற கவலையும் கூடவே வளர்ந்தது.

மாவு விஷயத்திலும் அப்படியே செய்தாள். முதல் நாள் மூடியை மாற்றினாள். மறுநாள் வாளியைக் குளிர்காற்று வரும் துளைக்கு நேர்கீழே வைத்தாள். அதற்கடுத்த நாள் வேறு வாளி. எப்படி வைத்தாலும் மாவு புளித்தது. கடைசியில் கடைத்தெருவில் ஒரு சின்ன மேசைக் கடிகாரம் வாங்கி, துணியில் சுற்றி, வாளியோடு கட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டப்பாவின் வட்டக் கடிகாரம் எட்டு மணி நேரம் காட்டியபோது பைக்குள் இருந்த கடிகாரம் பத்து மணி நாற்பது நிமிடம் ஓடியிருந்தது.

கடிகாரம் கெட்டுப்போனது என்றுதான் முதலில் நினைத்தாள். இன்னொன்று வாங்கினாள். அதுவும் பத்து மணி நாற்பது நிமிடம்.

பக்கத்து மேசைக்காரன் கில்பர்ட்டிடம் மெதுவாகச் சொன்னாள். மீன்பிடித் துறை அலுவலகத்தில் கடைநிலை எழுத்தர் அவன், இருபத்தொரு வயது, வாய் மட்டும் நாற்பது வயது.

"கில்பர்ட், உனக்கு இப்பல்லாம் உள்ள ரொம்பப் பசிக்குதா?"

"பசியா? டீ மெஷினை முறைச்சுப் பார்த்தே பாதிப் பாடம் போகுது. அது பாட்டுக்குக் காலியாயிருது. ஏன், வாளியில இருக்குற மாவைத் தோசை ஊத்தித் தரப் போறியா?"

அவள் கடிகார விஷயத்தைச் சொல்லி, போட்ட கணக்கைக் காட்டினாள். டப்பாவின் நேரம் தூரத்தால் வருவது என்பது அவர்களுடைய முதல் பாடம். பறக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உள்ளே ஐம்பத்துநாலு வினாடி கிடைக்கும். ஐந்நூற்று முப்பத்தோரு கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரம். பத்து மணி நாற்பது நிமிடம் வேண்டுமானால் விமானம் எழுநூற்றுப் பதினோரு கிலோமீட்டர் பறந்திருக்க வேண்டும்.

"நான் தப்பா போட்டிருப்பேன். நீ ஒரு தடவை பாரேன்."

கில்பர்ட் தாளைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "சுகி, நீ போட்டா கணக்கு தப்பாது. விடிஞ்சிரும், அவ்வளவுதான். அப்போ அந்த பைலட் அம்மா நம்மளை எங்க சுத்திக்கிட்டுப் போகுது?"

சுகிர்தாவுக்கு அடுத்த கணக்கும் தானாக ஓடியது. மாவு ஒரு வருடமாகவே மெல்ல மெல்லப் புளித்து வந்திருக்கிறது. வெயில் காலம் வந்த பிறகுதான் அந்தோணியம்மாவுக்குப் பொறுக்காமல் போனது. தினமும் இரண்டே முக்கால் மணி நேரம் போல ஒரு வருடம் கூடியிருந்தால் அது ஒரு மாதத்துக்கு மேல். மூன்று வாரம் பாக்கி என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நாளும் பாக்கி இல்லை. இப்படியே போனால் தேர்வு வாசலில் ரத்தம் எடுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு வழி இருந்தது. நிறுவனத்தின் தவறால் கூடிய நேரம் என்று புகார் கொடுத்து நிரூபித்தால் அந்த நேரத்தை வயதில் சேர்க்க மாட்டார்கள். அதற்கு விதி இருந்தது. அவள் விதியை எடுத்து இரண்டு முறை படித்தாள். ஆனாலும் ஒருவர் மேல் புகார் எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. தன் கணக்கு தப்பாக இருந்துவிட்டால்?

விமானத்தை ஓட்டுபவர் கேப்டன் ஹபீபா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கேம்ப்பெல் பேயில் இறங்கியதும், திரும்பிக் கிளம்பும் வரை விமான நிலையக் கேன்டீனுக்கு வெளியே வேலியோரமாக நின்று டீ குடிப்பார். அன்றைக்குச் சுகிர்தா அவர் எதிரே போய் நின்றாள்.

"மேடம், நான் வகுப்புல படிக்கிற பொண்ணு. பேரு சுகிர்தா."

"தெரியுமே. வாளியோட ஏறுற பொண்ணு. ஏன்ம்மா, எனக்கு ஒரு நாளாவது ரெண்டு இட்லி வந்திருக்கா?"

சுகிர்தாவுக்குச் சிரிக்க வரவில்லை. "மேடம், நான் தப்பாக்கூட கணக்குப் போட்டிருக்கலாம். மன்னிச்சுக்கணும். நாம வர்ற தூரம்…"

கேப்டன் அவளை ஒரு கணம் பார்த்தார். "எவ்வளவு வந்துச்சு?"

"எழுநூத்திப் பதினொண்ணு."

கேப்டன் டீக் கோப்பையை வேலிக் கட்டை மேல் வைத்தார். "எனக்கு எழுநூத்திப் பன்னெண்டு. ஒரு கிலோமீட்டரை உன் கடிகாரம் முழுங்கிருச்சு."

மறுப்பார், அதட்டுவார், குழப்புவார் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவள், காட்டுவதற்காக எடுத்த கணக்குத் தாளை மறுபடி மடித்துக்கொண்டாள்.

"வட்டக் கடிகாரத்தை மெதுவா ஓட விட்டதும் நான்தான்" என்றார் கேப்டன். "வேகத்தைக் கூட்டி, மேற்கால ஒரு பெரிய சுத்து சுத்தி, அதே அஞ்சே முக்காலுக்கு இறக்கிடுறேன். எண்ணெய் ஏன் கூடுதலா ஆகுதுன்னு கேட்டா மழை மேகம்னு சொல்லிக்கிறேன். நீ கோபப்படலாம். படணும்."

"ஏன் மேடம் சுத்துறீங்க?"

"உங்க எட்டு மணி நேரம் எங்கேருந்து வருதுன்னு பாடத்துல இருக்குமே?"

"கடல்லேருந்து."

"ஆமா. டப்பா ஒரு பஸ் அளவு. கீழ ரெண்டு பக்கமும் நாப்பது கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்குற இடத்துலேருந்து பொட்டுப் பொட்டா நேரத்தை உறிஞ்சி அதுக்குள்ள ஊத்துறோம். கீழ இருக்குறதுக்கு ஒரு சாயங்காலத்துல இருபது நிமிஷம் குறையும். கடலுக்கு இருபது நிமிஷம் குறைஞ்சா யாரு கேக்கப் போறா? மீனுங்க கொஞ்சம் முன்னாடியே தூங்கப் போகும். அதுங்ககிட்ட அனுமதி கேக்க எனக்கு வழி தெரியல. ஆனா நேர்கோட்டுல போனா கீழ வெறும் கடல் மட்டும்தானா?"

சுகிர்தா மனதுக்குள் வரைபடத்தை விரித்தாள். "தீவுங்க இருக்கு."

"இருக்கு. போன வருஷம் எனக்கு உடம்பு சரியில்லாம கப்பல்ல திரும்பினேன். எஞ்சின் கோளாறுன்னு வழியில ஒரு தீவுல ரெண்டு நாள் போட்டுட்டாங்க. என் விமானத்தை அப்ப வேற ஒருத்தர் ஓட்டிக்கிட்டிருந்தார். சாயங்காலம் ஒரு வீட்டுல உக்கார வச்சு டீ குடுத்தாங்க. குடிச்சு முடிக்கல, வெளிச்சம் சட்டுனு வடிஞ்ச மாதிரி இருந்துச்சு. அந்த வீட்டம்மா விளக்கு ஏத்துனாங்க. ஏத்தினதும் ஒரு சின்னப் பொண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சுது. என்னம்மா இதுன்னு கேட்டேன். 'ரப்பர்க் காட்டு ஈரம், தினமும் கடிகாரம் தூங்கிப்போயிரும்'னு சொல்லுச்சு. பக்கத்து வீட்டுலயும் தள்ளி வச்சாங்க. எதிர் வீட்டுலயும். ஊரே விளக்கு வச்சதும் கடிகாரத்தைத் தள்ளி வைக்குது. ஃபோன் தானா சரி பண்ணிக்குது, அதைப் பத்தி யாரும் யோசிக்கல. எனக்கு மட்டும் அது ஈரம் இல்லை, நான்தான்னு தெரிஞ்சுபோச்சு."

"கச்சால்" என்றாள் சுகிர்தா.

"எப்படித் தெரியும்?"

"அந்த நாற்காலில நானும் ஏறியிருக்கேன் மேடம்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கேப்டன் ஆறிப்போன டீயைக் கீழே கொட்டினார்.

சுகிர்தா நினைத்துப் பார்த்தாள். நாலரை மணி விமானம் முதன்முதலில் பறந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. அதற்கு முன் யாரும் அவளை ஆமை என்று சொன்னதில்லை. அம்மா தோட்டத்திலிருந்து வந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். இவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். இரண்டு கணக்கு முடிப்பதற்குள் எழுத்து தெரியாமல் போய்விடும். மின்சாரம் வருவதும் வராததும் அவரவர் அதிர்ஷ்டம். பிறகு பசி, பிறகு தூக்கம். கச்சால் பிள்ளைகள் எல்லோரையும்தான் சார் மந்தம் என்று திட்டினார். இவள் மட்டும் அதை நம்பி, மூட்டை கட்டிக்கொண்டு போர்ட் பிளேர் வரைக்கும் தூக்கி வந்துவிட்டாள். இங்கே வந்தும் விளக்கு வைத்ததும் கை தானாகக் கடிகாரத்தை நோக்கிப் போயிருக்கிறது.

உடனே அவளுக்கே உரிய சந்தேகமும் வந்தது. அந்த இருபது நிமிடம் இருந்திருந்தால் மட்டும் முடித்திருப்பேனா?

"என் கையில இருக்குறது இந்த ஒரு விமானம்தான்" என்றார் கேப்டன். "மேலிடத்துல சொன்னேன். 'கடல்தான், கவலைப்படாதீங்க'ன்னாங்க. அதனால சுத்த ஆரம்பிச்சேன். அந்தச் சுத்துக்கு உங்க ஆயுசுல கை வைக்கிறேன்னு தெரிஞ்சுதான் வச்சேன். உங்களைக் கேட்டா, முப்பது பேர்ல ஒருத்தராவது புகார் கொடுப்பீங்க. கொடுத்தா என்னை இறக்கிட்டு நேரா ஓட்டுற ஆளை வைப்பாங்க. அந்தப் பயத்துல கேக்கல. உனக்கு வயசு விஷயம் இருக்கா?"

"இருக்கு மேடம். இது கடைசி."

"அப்போ எழுது. கூடின நேரத்தைக் கழிச்சுருவாங்க. நான் மறுக்க மாட்டேன்."

மறுநாள் பகலில் கவுன்டரில் கூட்டம் குறைந்ததும் சுகிர்தா ஊருக்குப் பேசினாள்.

"அம்மா, இப்பவும் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறீங்களா?"

"எங்கடி. அது ஒரு வருசமா ஒழுங்கா ஓடுது. தோட்டத்துல பழைய மரத்தையெல்லாம் வெட்டுனதுல ஈரம் கொறைஞ்சிருச்சுன்னு உங்கப்பா கதை விடுறாரு."

"சாயங்காலத்துல என்ன பண்றீங்க?"

"என்னத்தப் பண்ண. வேலை முடிஞ்சு வந்து, குளிச்சு, ஒல வச்சு, அப்பவும் வெளிச்சம் கெடக்குதுடி. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களோட தாயம் ஆடுறேன். நான் தாயக் கட்டையத் தொட்டு எத்தன வருசம்! முந்தாநாள் உங்கப்பா, 'கடக்கரைக்கு வாரியா?'ங்குறாரு. எதுக்குன்னேன். சும்மாங்குறாரு. கல்யாணம் ஆனதுலேருந்து அந்த மனுசன் சும்மான்னு ஒரு எடத்துக்குக் கூப்பிட்டதே இல்ல. போனோம். சும்மா உக்காந்துட்டு வந்தோம்." அம்மா வெட்கத்தோடு சிரித்தாள். "பொழுது இப்பல்லாம் நல்லா இழுத்துக் குடுக்குது. யாரு செஞ்ச புண்ணியமோ. நல்லா இருக்கணும் அவுங்க."

அவர் பெயர் ஹபீபா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சுகிர்தா விழுங்கிக்கொண்டாள். கவுன்டருக்கு வெளியே ஒருவர் பணத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு டிக்கெட் கொடுக்கும்போது கண் கலங்கியிருந்தது. "என்னம்மா, கப்பல் ரத்தா?" என்று பதறிப்போனார் அவர்.

அன்று மாலை வேலியோரத்தில் அவள் கேப்டனிடம் சொன்னாள். "நான் புகார் எழுதல மேடம். ஆனா நீங்க எல்லார்கிட்டயும் சொல்லணும். எங்க ஊருல கேக்காம எடுத்தாங்க. எங்க ஊருக்காகன்னு இவங்ககிட்டயும் கேக்காம எடுக்கக் கூடாது."

கேப்டன் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையைக் கீழே இறக்கினார். "ஒருத்தர் எழுதிட்டாலும் முடிஞ்சுது."

"தெரியும்."

"உங்கம்மாவோட சாயங்காலம் அது."

"அதான் மேடம் கேக்கச் சொல்றேன். நன்றி சொல்லணும்னா யாருக்குச் சொல்றோம்னு தெரியணும். அவங்களுக்கும் தாங்க என்ன கொடுக்குறோம்னு தெரியணும்."

கேம்ப்பெல் பே விமான நிலையத்தின் காத்திருக்கும் கூடத்தில், திரும்பிக் கிளம்பும் முன், கேப்டன் ஹபீபா முப்பது பேர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மேற்கே சுற்றுவது, மெதுவாக ஓடிய வட்டக் கடிகாரம், கச்சால், நாற்காலியில் ஏறிய பெண் என்று ஒன்று விடவில்லை. புகார் கொடுக்கும் விதியையும் அவரே சொன்னார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நீங்க யாரு மேடம் எங்க ஆயுசை எடுத்துத் தானம் பண்ண?" என்று எழுந்தார் பாண்டிச்செல்வம். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். ஆறு மாதக் கைக்குழந்தை வீட்டில் இருந்தது. "எம்புள்ளைய விட்டுட்டு வந்து உக்காருறேன். ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம்னு எண்ணி எண்ணித்தான் உக்காருறேன். அதுலயும் ஏமாத்தா?"

"ஏமாத்துதான்" என்றார் கேப்டன். "இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"அந்த ஊருக்காரங்க ஏன் கேக்கலையாம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கேக்கத் தெரியல" என்றாள் சுகிர்தா. வகுப்பில் அவள் எழுந்து நின்று பேசியதே இல்லை. "ஈரம்னு நெனச்சோம். எங்க ஊருதான் அது. நான் அங்கதான் படிச்சேன். அங்க பிள்ளைங்க எல்லாம் மந்தம்னு நெனச்சோம். நானும் இந்த டப்பால ஏறித்தான் படிச்சேன். கீழ யாரு வீட்டுல வெளக்கு வச்சாங்கன்னு எனக்கும் தெரியாது. நேரா போனாத்தான் என் வயசு சரியாகும். ஆனா எனக்கு வேண்டாம். உங்களையும் அப்படியே சொல்லுங்கன்னு கேக்க எனக்கு உரிமை இல்ல."

கில்பர்ட் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான்.

"எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான் மேடம். எட்டு மணி நேரம்தானே இருக்குன்னு தூக்கத்தை அடக்கி அடக்கிப் படிச்சேன். பத்தே முக்கால்னு முன்னாடியே சொல்லியிருந்தா நிம்மதியா ரெண்டு மணி நேரம் குறட்டை விட்டிருப்பேன்."

எங்கோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவியது. பாண்டிச்செல்வம் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

"கடிகாரம் சரியா ஓடணும்" என்றார் ஒரு பெண். "டீ மெஷினை ரொப்பி வைக்கணும்" என்றார் இன்னொருவர். "புதுசா யார் சேர்ந்தாலும் முதல் நாளே சொல்லிரணும்" என்றது மூன்றாவது குரல். கேப்டன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியில் பாண்டிச்செல்வம் மறுபடி எழுந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"நான் நாளைலேருந்து வரல. எம்புள்ளைகூட இருக்கப் போறேன். அதைப் புள்ள பொறந்தப்பவே செஞ்சிருக்கணும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "புகாரெல்லாம் எழுத மாட்டேன். அந்த ஊருலயும் யாராவது புள்ளைய மடில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பான்ல."

விமானத்துக்கு நடக்கும்போது கேப்டன் சுகிர்தாவின் அருகில் வந்தார். "நீ என்ன பண்ணப் போற?"

"கணக்குப் போட்டுட்டேன் மேடம். இன்னையோட இறங்கிக்கிட்டா பரீட்சை அன்னைக்கு அஞ்சு நாள் மிஞ்சுது. டப்பாவுக்குள்ள இருக்கப் போற ரெண்டு மாசம்தான் என்னை வயசு வரம்பைத் தாண்ட வைக்கும்."

"ரெண்டு மாசப் படிப்பு போயிருமே."

"ஊருக்குப் போய்ப் படிக்கிறேன். லீவு கேட்டிருக்கேன். அங்க இப்ப சாயங்காலம் இருக்குன்னு அம்மா சொன்னாங்க."

கேப்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்கு யார் நன்றி சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. படிக்கட்டு வரை அப்படியே நடந்தார்கள்.

அந்தோணியம்மாவிடம் விடைபெறுவதுதான் கஷ்டமாக இருந்தது. வாளியை இனி கில்பர்ட் கொண்டு போவான் என்றதும், "அந்தப் பயலா? பாதி மாவு அவன் வயித்துலதான் பொங்கும்" என்று அலுத்துக்கொண்டாள். பிறகு இவள் தலையைத் தடவிவிட்டு, கப்பலுக்கு ஒரு பொட்டலம் இட்லி கட்டிக் கொடுத்தாள். கேப்டனுக்கு இன்னொரு பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக் கில்பர்ட் கையில் கொடுத்துவிட்டுத்தான் சுகிர்தா கிளம்பினாள்.

கச்சாலில் இறங்கிய மூன்றாம் நாள், வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்த மேட்டில் ஒரு பழைய பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சரியாக நாலரை மணி. மாதிரி வினாத்தாளின் ஒரு மணி நேரப் பகுதியை விரித்தாள். போர்ட் பிளேரில் இந்நேரம் டப்பாவின் கதவு சாத்தியிருக்கும்.

எழுத ஆரம்பித்தாள். பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு கணக்கையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். நடுவில் அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். கீழ் வீட்டில் பெண்கள் தாயக் கட்டையை உருட்டி, "பன்னெண்டு! பன்னெண்டு!" என்று கத்தினார்கள். ஒரு கத்தலில் அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. சுகிர்தா தலையைத் தூக்கவில்லை.

கடைசிக் கேள்வி இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைக் கொடுத்து, பயண நேரத்தைக் கேட்டது. விடையை எழுதிக் கோடு போட்டாள். பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் திருப்பி, ஏதாவது விட்டுப்போயிற்றா என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள். விடவில்லை. தாளில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அவள் மேற்கே பார்த்தாள். கடலுக்கு மேல் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. ஒரு புள்ளி இல்லை. ஒரு சத்தம் இல்லை. அங்கே எங்கோ, கண்ணுக்கு எட்டாத தூரத்தில், கில்பர்ட்டும் மற்றவர்களும் தெரிந்தே பத்தே முக்கால் மணி நேரத்தை வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இந்த ஊரின் நேரத்தைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒருவர் அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு போகிறார். சுகிர்தா அந்த வெறும் வானத்தை நோக்கிக் கைகளைக் குவித்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் குவித்தாள்.

"ஏய் சுகி, ஒரு ஆளு கொறையுது, ஆட வாரியா?" என்று கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "எழுதி முடிக்கலன்னா இரு, அவசரமில்ல."

"முடிச்சுட்டேம்மா" என்று சொன்னபோது, அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பெஞ்சை அங்கேயே விட்டுவிட்டு, வெளிச்சத்தில் மேட்டிலிருந்து இறங்கி ஓடினாள்.